காப்புக்குள் அகப்பட்ட ராட்டினம்

குடை ராட்டினத்தில் ஏறிச் சுற்றியவர்கள் நம் வயசில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் அதைத் தள்ளியவள். நடுவில் ஒரு கம்பம், மேலே குடை மாதிரி விரியும் கம்புகள், கீழே தொங்கும் மரக் குதிரைகள், ஓர் அன்னம், ஒரு யானை. அப்பா அதைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திருவிழா திருவிழாவாகப் போவார். நானும் அம்மாவும் வண்டிக்குப் பின்னால் நடப்போம். மாசியில் ஓர் ஊர், பங்குனியில் ஓர் ஊர், சித்திரை பிறந்தால் கடற்கரைப் பக்கம். நாலாவது வரை படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அந்த நாலு வகுப்பையும் எந்தெந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று கேட்டால் எனக்கே வரிசை வராது.

பிற்பாடு செங்கல் சூளை, திருப்பூர் பனியன் கம்பெனி, சூரத்தில் நம் ஆட்களுக்குச் சோறாக்கியது, கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கியது என்று காலம் போய்விட்டது. ஓரிடத்தில் ரெண்டு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. ஆனால் பங்குனி வந்தால் எங்கே இருந்தாலும் பஸ் ஏறி ஓர் ஊருக்கு மட்டும் போய்விடுவேன்.

புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன டவுன் அது. இப்போது தேருக்கு இரும்புச் சக்கரம், பிரேக், பின்னால் தள்ளுவதற்கு ஜேசிபி. தெரு நெடுக பிளக்ஸ் பேனர். அதையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்காது. தேர் திரும்பும்போது ஆள் நசுங்காமல் இருப்பது நல்ல விஷயந்தானே. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு வந்து வடம் பிடிக்கிறார்கள். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். அந்த ஊர் மண்ணே அப்படி, ஒரு தடவை ஒட்டினால் சோப்புக்கு அடங்காது.

ஊருக்குப் பழைய கதை நிறைய உண்டு. மேற்கே பாறைமேல் இடிந்த கோட்டைச் சுவர் கொஞ்சம் நிற்கிறது. பாறையில் யாரோ ராஜா காலத்து எழுத்து வெட்டியிருக்கிறார்கள். என் சின்ன வயசில் அந்த எழுத்தின்மேல் ஆடுகள் படுத்திருக்கும், வெயிலில் பாறை சூடாகிப் புழுக்கை வாசனை கிளம்பும். கோட்டைக்குக் கீழே ஊருணி, ஊருணிக்கு எதிரே அம்மன் கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் தேர் நிறுத்தும் பெரிய கொட்டகை. இலுப்பெண்ணெய்யும் பழைய கயிறும் கலந்த ஒரு நாற்றம் அந்தக் கொட்டகைக்கு. எனக்கு அது நல்ல நாற்றம்.

அந்தத் திருவிழாவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் நாள் பூசாரி அம்மனுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டி, தன் கையிலும் கட்டிக்கொள்வார். தமுக்கு அடிக்கிறவர் ஊர் எல்லையைச் சுற்றி வருவார். அந்தச் சத்தம் கேட்கும்போது எல்லைக்குள் யார் இருந்தாலும், காப்பு அவிழ்க்கிற வரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

ஏன் இப்படி என்று கேட்டால், முடிவெட்டுகிறவர் ஒரு காரணம் சொல்வார், டீக்கடைக்காரர் இன்னொன்று சொல்வார்.

"திருவிழா அசந்த நேரத்துல எதிரிப் படை கோட்டைக்குள்ள பூந்துருச்சு. ஆம்பளை பூராம் அங்கிட்டும் இங்கிட்டும் விருந்துக்குப் போயிருந்தானுங்க. அதான் ராஜா கட்டுப்பாடு போட்டாரு."

"படையாவது மயிராவது! காலரா வந்துச்சு. நோய் வெளிய போகக்கூடாதுன்னு போட்டது."

"நீ அப்பப் பாத்தியா?"

"நீரு பாத்தீரா?"

இந்தச் சண்டையை நான் பல வருஷம் கேட்டிருக்கிறேன். ரெண்டு பேருமே ஜெயித்ததில்லை.

எங்களைப் போன்ற திருவிழா வியாபாரிகள் இதில் கவனமாக இருப்போம். ஊருணிக்கு அந்தக் கரைதான் எல்லை. வளையல்காரர், பலூன்காரர், மிட்டாய் விற்பவர் எல்லாரும் அந்தக் கரைப் புளியமரத்தடியில் காத்திருந்து, தமுக்குச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே வருவோம். அப்படி வந்தால் கட்டுப்பாடு நம்மைத் தொடாது, நினைத்தபோது கிளம்பலாம்.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு வருஷம் அப்பா முன்னாலேயே உள்ளே வந்துவிட்டார். காரணம் மழை. புளியமரத்தடியில் இருக்கும்போது திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. குதிரைகளுக்கு அப்பா பூசியிருந்தது சந்தையில் வாங்கிய மலிவுச் சாயப் பொடி. ஒரு குதிரையின் பச்சை, அன்னத்தின் வெள்ளை இறக்கையில் ஒழுகுவதைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் நினைப்பில் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு நேரே தேர்க் கொட்டகைக்குள் விட்டார். தேரை அலங்காரத்துக்கு வெளியே இழுத்திருந்தார்கள். கொட்டகை காலியாக இருந்தது. நாங்கள் குதிரைகளைச் சாக்கால் துடைத்துக்கொண்டிருக்கும்போது தமுக்கு எங்களைத் தாண்டிப் போனது.

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். "கேட்டுச்சா?" என்றாள்.

"கேக்காம என்ன," என்றார் அப்பா.

அம்மாவுக்கு அப்போது மாசம் நெருங்கியிருந்தது. கட்டுமாவடியில் அப்பாவின் அக்கா வீட்டில் பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு. அம்மாவுக்கென்று வேறு இடம் கிடையாது. சின்னப் பிள்ளையாக ஏதோ ஒரு சந்தையில் தனியாக நின்றவளை ஒரு வளையல்காரக் கிழவி எடுத்து வளர்த்தாள். கிழவி செத்ததோடு அந்த உறவும் முடிந்தது. நான் பிறந்தது அறந்தாங்கி ரோட்டில், வண்டிக்கு அடியில். இதை அம்மா மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலத்தான் சொல்வாள்.

"நாளைக்கே கெளம்பிருவோம். யாரு கண்டா?" என்றார் அப்பா.

"நான் வரலை. காப்பை மீறி எல்லையத் தாண்டினா புள்ளைக்கு ஆகாது."

"அப்ப இங்கிட்டே பெத்துக்கிறியா? இந்த ஊர்க்காரனுங்க மாசம் நெருங்குன தங்க வீட்டு மருமகளுகளையே முன்கூட்டி வெளியூருக்கு அனுப்பிருவாங்க. தெரியுமா ஒனக்கு?"

அவர் சொன்னது உண்மை. அந்த ஊரில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் பங்காளி. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அந்தப் பங்காளிகள் எல்லாருக்கும் தீட்டு. தீட்டுக்காரன் வடத்தைத் தொடக் கூடாது. தேர் வெளியே நிற்கும் நாளில் ஒரு பிள்ளை பிறந்தால் பாதி வடம் தரையில் கிடக்கும், தேர் நகராது. அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளைக் காப்புக்கு முன்னாலேயே உறவு முறை ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அப்படிப் போய்ப் பிறந்த பிள்ளைகள் நிறைய.

ஆக, அம்மா போகவும் கூடாது, இருக்கவும் கூடாது. அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மா கொட்டகைக்குள்ளேயே படுத்திருப்பது, யாராவது கேட்டால் வயிற்றில் கட்டி என்று சொல்வது. என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார்.

கொட்டகைக்கு எதிரே ஓர் இட்லிக்கடை. அதை நடத்திய அம்மாள் கணவனை இழந்தவர், தடித்த குரல், முந்தானையை இடுப்பில் செருகினால் ஊரே ஒதுங்கும். காலையில் நான் தூக்குவாளியோடு போனபோது, "ஒன் ஆத்தா வெளியவே வரக் காணோம்?" என்றார்.

"வயித்துல கட்டிங்க."

"பெரிய கட்டியா?"

"ஆமாங்க."

"கட்டி உதைக்குதா?"

"ராத்திரில உதைக்குமுங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தூக்குவாளியில் சாம்பாரை நிறைய ஊற்றி, ஓர் இலையில் வெல்லம் வைத்து மடித்துக் கொடுத்தார். "கட்டிக்குக் குடு," என்றார். அன்றிலிருந்து எங்கள் வாளியில் நாங்கள் கேட்டதைவிட ஒரு பங்கு கூடுதலாகவே இருந்தது. அப்பா இதை அந்த அம்மாளுக்கு எண்ணிப் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

திருவிழா நாட்கள் நன்றாகத்தான் போயின. முந்திரிப்பழ வாசனையும் பானக வாசனையும் தெருவெல்லாம். நான் ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டே ஓடி, வேகம் பிடித்ததும் ஒரு காலை விளிம்பில் வைத்துத் தொற்றிக்கொள்வேன். இடது காது உடைந்த குதிரை ஒன்று இருந்தது. அந்த ஊர்ப் பையன்கள் அதில்தான் ஏறுவோம் என்று அடித்துக்கொள்வார்கள். அது செவிட்டுக் குதிரையாம், எவ்வளவு கத்தினாலும் மிரளாதாம். அந்தக் குதிரை பிற்பாடு எங்கே போனது என்று தெரியாது. ராட்டினத்தை விற்றபோது அதுவும் போயிருக்கும்.

தேரோட்டத்தன்று உச்சி நேரம். தேர் தெற்குத் தெரு முக்கில் திரும்புவதற்காக நின்றிருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "இட்லிக்கடை அம்மாவைக் கூட்டியா. அப்பாகிட்டச் சொல்லாத," என்றாள்.

அந்த அம்மாள் உடனே வந்துவிட்டார். அம்மாவை அணைத்துத் தூக்கிக் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். அடுப்பில் வெந்நீர் ஏறியது. அதற்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது.

நான் வாசலில் நின்று பார்த்தேன். தெற்கு முக்கில் வடத்தைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். தென்னங்கயிற்று வடம், என் இடுப்பு அளவு தடிமன். அது தெருவில் நெளிந்து கிடந்தது. மேளம் நின்றது. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

தேர் நிழலில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அம்பலக்காரர்தான் ஊருக்குத் தலைவர். ஒல்லியான மனிதர், வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டே பேசுவார். பூசாரி தேரின்மேல் இருந்தபடியே சத்தம் போட்டார்.

"நம்ம வீட்டுப் புள்ள பெத்தா இன்னார் தீட்டுன்னு சொல்லி ஒதுங்கச் சொல்லலாம். இது யாரு, எவருன்னே தெரியாது. பங்காளி இல்லாத பொறப்பு ஊருக்கே தீட்டு. தேரு நகரக் கூடாது."

"வண்டியில ஏத்தி ஊருணி அக்கரைக்கு அனுப்பிருவோம். இன்னும் பொறக்கலையில்ல," என்றார் ஒருவர். ரெண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஒரு பையன் வண்டி பிடிக்கக் கிளம்பியும் விட்டான்.

இட்லிக்கடை அம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தார். "ஏத்துங்கடா. மொதல்ல என்னைய ஏத்துங்க. அப்பறம் அவளை ஏத்துங்க. காப்புக்குள்ள இருக்கிறவளை எல்லை தாண்ட வைக்கிறதுன்னா அந்தப் பாவம் அவ வண்டியில வராது, ஒங்க தேருலதான் வரும்!"

கூட்டத்தில் அப்பா ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு முகமே இல்லை. அம்பலக்காரர் அவரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க ஆத்தாளுக்கு எந்த ஊரு, தாயி?"

"அம்மாவுக்கு ஊர் இல்லீங்க."

"ஊர் இல்லாமயா? பொறந்த வீடு?"

"அதுவும் இல்லீங்க. வளத்த கிழவியும் செத்துப்போச்சு."

"காப்புக் கட்டயில எங்க இருந்தீங்க?"

"இந்தக் கொட்டகையிலதாங்க. குதிரை தொடச்சுக்கிட்டு இருந்தோம். தமுக்கு போச்சு. அதனாலதான் அம்மா போகமாட்டேன்னுச்சு."

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு தரையில் கிடந்த வடத்தைப் பார்த்தார். பிறகு பூசாரியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"தமுக்கு போகயில உள்ள இருந்தவ யாரு?"

"ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவ."

"கட்டுப்பாடு யாருக்கு? ஊர்க்காரனுக்கா, அசலூர்க்காரனுக்கா?"

"ஊர்க்காரனுக்குத்தான்."

"அப்ப அவ ஊர்க்காரி. இத்தனை நாளு அவ கட்டுப்பாட்டை மீறலை. ஊர்க்காரிக்குப் பொறந்த வீடு வேணுமில்ல? வேற எங்கயும் இல்லேன்னா இதான் பொறந்த வீடு. கட்டிக்குடுத்த பொண்ணு புள்ள பெத்தா தீட்டு யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளை பங்காளிக்கும்."

"வடத்துல மாப்பிள்ளை கை இருக்கா?"

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் தொடலைங்க," என்றார் அவர்.

"தொடாதீங்க. அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி." அம்பலக்காரர் கையை வீசினார். "அம்புட்டுத்தான். எடுங்கடா வடத்தை!"

பெண்கள் குலவை போட்டார்கள். தேர் ஒரு முனகலோடு அசைந்தது. மரச் சக்கரம் செம்மண்ணை நசுக்கிக்கொண்டு திரும்பும்போது வீட்டுக்குள் இருந்தும் ஒரு குலவை வந்தது. தேருக்குப் போட்டார்களா, என் தங்கச்சிக்குப் போட்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உள்ளே ஓடிப் பார்த்தபோது அவள் வந்திருந்தாள்.

அப்பா இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். ஊர் முன்னால் தன்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள் என்பது மட்டுந்தான் அவர் காதில் விழுந்தது. கோபத்தில் போய் ராட்டினத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "நாயை வெரட்டுற மாதிரி வெரட்டிப்புட்டான்," என்று குதிரைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனையோ ஊரில் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்; அந்தப் பழக்கத்தில் இதையும் சேர்த்துவிட்டார். உறவுக்காரனுக்குத்தான் தீட்டு ஒட்டும், அசலானுக்கு ஒட்டாது. அவரை ஒதுக்கியதே அவர் உறவு என்பதால்தான். எனக்கே இது விளங்க நாலைந்து பங்குனி ஆயிற்று.

இட்லிக்கடை அம்மாளின் வீட்டுக்குப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பூண்டு, ஒருத்தி சுக்கும் கருப்பட்டியும், ஒருத்தி நைந்து மெத்தென்றிருந்த பழைய சேலை. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முறை வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்கார்ந்து கும்பிடப் பார்ப்பாள்.

"எதுக்குங்க இம்புட்டு?" என்று இட்லிக்கடை அம்மாளிடம் கேட்டாள்.

"பொறந்த வீட்டுல என்னடி 'ங்க' போட்டுக்கிட்டு? நான் ஒனக்கு அண்ணி. பேசாமப் படு." பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு அத்தை. கட்டி உதைக்குதுன்னு சொன்னவதானே நீ? இங்க வா," என்று கன்னத்தைக் கிள்ளினார்.

திருவிழாவின் கடைசியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். யார்மேல் வேண்டுமானாலும் ஊற்றிவிட முடியாது. மாமன் மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள் என்று கேலி செய்கிற முறை இருந்தால்தான் ஊற்றலாம். எந்த ஊரிலும் நாங்கள் அதை நனையாமல் நின்றுதான் பார்த்திருக்கிறோம். அப்பா கழற்றிய கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். இளவட்டங்கள் நாலு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்ததை நான் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் கவிழ்த்துவிட்டார்கள்.

அப்பா கம்பை ஓங்கிக்கொண்டு திரும்பினார். "எவன்டா அவன்!"

"மச்சானுக்குக் கோவத்தைப் பாருங்கடா!" என்றான் ஒருவன். "இன்னொரு குடம் கொண்டா!"

"தம்பி, தீட்டுக்காரன் மேல..." என்று அப்பா இழுத்தார்.

"மஞ்சத் தண்ணிக்குத் தீட்டு ஏது மச்சான்? திரும்புங்க, முதுகு நனையலை."

அவர் கம்பைக் கீழே போட்டார். திரும்பி முதுகைக் காட்டினார். உண்மையாகவே காட்டினார். அவரிடம் மாற்று வேட்டி கிடையாது. அன்று பூராவும் மஞ்சள் வேட்டியோடு, நெற்றியிலிருந்து மஞ்சள் சொட்ட, பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். என்மேல் ஊற்றியது அம்பலக்காரரின் பேரன். "நீயும் மொறைதான்," என்று சொல்லிவிட்டு ஊற்றினான். நான் அவனை ஊருணிப் படி வரை விரட்டி, ஒரு கல்லால் அடித்தேன்.

மறுநாள் காலை பூசாரி காப்பை அவிழ்த்தார். போகிறவர்கள் போகலாம். அப்பா வண்டியைக் கொண்டுவந்து இட்லிக்கடை வாசலில் நிறுத்தினார். கடற்கரைத் திருவிழாவுக்கு நேரமாகிவிட்டது. மணமேல்குடி தாண்டிப் போக வேண்டும்.

அம்மா வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்கிட்டும் வரலை. நான் பொறந்த வீட்டுல இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

அப்பா மாட்டின் கயிற்றைக் கையில் எடுத்தார். அவரை அப்படி அனுப்பி வைக்க அம்மாவுக்கு அதுவரை ஓர் இடம் இருந்ததில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாகப் போனார்.

சித்திரை பாதியில் ஒரு நாள் டீ வாங்கப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை ஓரமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். முகம் சவரம் செய்திருந்தார். புது வேட்டி. ஒரு கையில் பனையோலைப் பெட்டி நிறைய கருவாடு, இன்னொரு கையில் பூவும் பழமும். டீக்கடைக்காரரிடம் விசாரித்தால், காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர் அப்போதிலிருந்து அங்கேயே நிற்கிறார் என்றார். யார் அனுமதியும் கேட்காமல் எந்த ஊர்த் திடலிலும் கம்பம் நடுகிற மனுஷன் அவர்.

அந்த வழியாக வந்த அம்பலக்காரரும் பார்த்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, வீட்டுக்குப் போகாம இங்கிட்டு நிக்கிறீங்க? புள்ளையப் பாக்க வேணாமா?"

அப்பா கருவாட்டுப் பெட்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"மாமனார் வீடுங்க," என்றார். "கூப்பிடாம எப்படிங்க போறது?"